ரிப்போர்ட்டை யார் எழுதுவது?

புது மென்பொருள் விற்க வருபவர் தவறாமல் ஒரு திரையைக் காட்டுவார். இடப்பக்கம் நீளமாக ஒரு மெனு, அதில் வரிசையாக ரிப்போர்ட்டுகள். மாதவாரி விற்பனை, கிளைவாரி விற்பனை, பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, சரக்கு இருப்பு, வருகைப் பதிவு. "இருநூறுக்கு மேல இருக்கு சார், எல்லாமே ரெடி" என்பார். கூட்டத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். மென்பொருள் ஓட ஆரம்பித்து முதல் மாதக் கணக்கை முடிக்கிற நாளில், அந்த இருநூறிலும் இல்லாத ஒன்றை யாராவது கேட்பார். பாக்கிப் பட்டியல்தான், ஆனால் விற்பனைப் பிரதிநிதி வாரியாகப் பிரித்து வேண்டும், தகராறில் இருக்கும் பில்களை விட்டுவிட்டு வேண்டும், போன மாதம் எவ்வளவு இருந்தது என்பதும் பக்கத்திலேயே வேண்டும்.

இதை யார் எழுதித் தருவது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. ஐ.டி. துறையைக் கேட்டால் கையில் வேலை குவிந்து கிடக்கிறது என்பார்கள். கேட்ட துறைக்கு எழுதத் தெரியாது. விற்றவரைக் கேட்டால் தனி ரிப்போர்ட்டுக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு தாளை அனுப்புவார். கடைசியில் கணக்குப் பிரிவில் எக்ஸெல் நன்றாகத் தெரிந்த ஒருவர், இரண்டு ரெடிமேட் ரிப்போர்ட்டுகளை இறக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுவார். யாரும் எந்த முடிவும் எடுக்காமலேயே முடிவு ஆகிவிட்டது. அடுத்த மாதமும் அவரேதான்.

ரிப்போர்ட் எழுதுவதையே வேலையாகச் செய்தவன் நான். ஐ.டி. துறைக்குள் உட்கார்ந்தும் எழுதியிருக்கிறேன், கேட்கிற துறைக்குள் உட்கார்ந்தும் எழுதியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் எண்ணைப் பார்த்ததும் "இது இப்படி இருக்காதே" என்று யாருக்குத் தோன்றுமோ, அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் ரிப்போர்ட் எழுதுபவர் இருக்க வேண்டும். ஐ.டி. துறையின் வேலை அவரை அங்கே தனியாக விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது.

இது ஒன்றும் புதுச் சண்டை இல்லை. கணினி அலுவலகத்துக்குள் வந்த நாளிலிருந்து இருக்கிறது. 1959இல் ஐபிஎம் தன் 1401 கணினியோடு ஆர்.பி.ஜி. என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரே ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர். எந்த நெடுவரிசை எங்கே வர வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்று படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால் நிரலை அதுவே உருவாக்கிக் கொள்ளும். 1974இல் அதே ஐபிஎம்மில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ஒரு கட்டுரையில், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதற்காக சீக்வெல் என்ற மொழியை முன்வைத்தார்கள். இன்று எஸ்.க்யூ.எல். என்று நாம் எழுதுவதன் மூதாதை அதுதான். அந்தக் கட்டுரையைப் படித்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. யாருக்காக இந்த மொழி என்று சொல்லும்போது கணக்கர்கள், பொறியாளர்கள், கட்டடக்கலைஞர்கள், நகரத் திட்டமிடுபவர்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். கணினி வல்லுநராக இல்லாதவர்கள் தங்கள் கேள்வியைத் தாங்களே கேட்டுக்கொள்வார்கள் என்பது எண்ணம். ஐம்பது வருடம் ஆகிறது. எஸ்.க்யூ.எல். எழுதும் நகரத் திட்டமிடுபவர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

அப்புறம் ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற மென்பொருள் வந்தது, 1990களில் விஷுவல் பேசிக் என்ற நிரல் எழுதும் கருவியோடு சேர்ந்தே எல்லார் கணினிக்கும் போனது. 2004இல் மைக்ரோசாஃப்ட் தன் ரிப்போர்ட்டிங் சர்வீசஸைக் கொண்டுவந்தது. 2015இல் பவர் பி.ஐ. ஒவ்வொரு முறையும் விளம்பரம் ஒன்றேதான்: இனி யார் வேண்டுமானாலும் தங்கள் ரிப்போர்ட்டைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். இழுத்து வைத்தால் போதும், விட்டால் போதும். அது பொய் என்று சொல்ல மாட்டேன். எழுதுவது நிஜமாகவே எளிதாகிக்கொண்டு வருகிறது. எழுதியது சரியா என்று கண்டுபிடிப்பது மட்டும் 1959இல் இருந்த அதே இடத்தில் நிற்கிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பில் டேபிளில், அதாவது டேட்டாபேஸில் பில்கள் வரிவரியாகப் பதிவாகும் அட்டவணையில், ஒரு பில், எண் 4071, தொகை 10,000. வாடிக்கையாளர் அதை இரண்டு தவணையாகக் கட்டினார், பாதிப் பாதியாக 5,000, 5,000. ஆகவே வரவு டேபிளில் இரண்டு வரிகள். "இந்த மாத விற்பனை எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு, ஒரே பக்கத்தில் வேண்டும்" என்று கேட்கிறார்கள். எழுதுபவர் இரண்டு டேபிளையும் பில் எண்ணை வைத்து ஜாயின் செய்கிறார், அதாவது ஒரே எண் உள்ள வரிகளைப் பொருத்துகிறார். 4071 இப்போது இரண்டு வரியாக வருகிறது, ஒவ்வொரு வரியிலும் பில் தொகை 10,000 என்று நிற்கிறது. கூட்டினால் விற்பனை 20,000. வசூல் மட்டும் ஒழுங்காக 10,000. இன்னும் ஒரு பைசாகூடக் கட்டாத பில் ஒன்று இருந்தால், சாதாரண ஜாயினில் அது ரிப்போர்ட்டிலேயே வராது. ஒரு பக்கம் இரட்டிப்பு, மறு பக்கம் காணாமல் போனது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தம் நம்பும்படியான ஓர் எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும். க்வெரி, அதாவது டேட்டாபேஸுக்கு எழுதிய அந்தக் கேள்வி, எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடியும்.

இதை யார் பிடிப்பார்? ஐ.டி. துறையில் இருப்பவருக்கு அந்த மாதம் எவ்வளவு விற்றிருக்கும் என்ற உணர்வே கிடையாது. அவருக்கு அது வெறும் எண். கணக்குப் பிரிவில் பத்து வருடம் இருந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்: "இவ்வளவு வித்திருந்தா சரக்கு தீர்ந்துபோயிருக்கணுமே." ஆனால் ஏன் அப்படி வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் கையிலேயே கருவியைக் கொடுத்திருந்தால், வரிகள் இரண்டிரண்டாக வருவதைப் பார்த்து டிஸ்டிங்ட் என்ற ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டுவிடுவார். இரட்டைகள் மறைந்துவிடும், விற்பனை சரியாகிவிடும். கூடவே, ஒரே தொகையாக வந்த அந்த இரண்டு தவணைகளில் ஒன்றும் மறைந்துவிடும். வசூல் இப்போது 5,000. விற்பனையை ஒட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தவர் வசூலைத் திரும்பப் பார்ப்பாரா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

இந்த இரண்டு அறிவும் ஒரே தலைக்குள் இருப்பது அபூர்வம். இருந்தால் அந்த நிறுவனத்துக்கு அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இரண்டு தலைகளையும் எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதுதான் பிரச்சினை. "யார் எழுதுவது" என்ற கேள்விக்கு நிறுவன வரைபடத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி விடை சொன்னால், அந்த நெருக்கம் தானாக வந்துவிடாது.

நெருக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம், கேட்பவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, எல்லாரும் அப்படித்தான். விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வருகிறார்.

"சார், எல்லா கஸ்டமர் லிஸ்ட்டும் வேணும்."

"எல்லாம்னா, வாங்கறதை நிறுத்திட்டவங்களும் சேர்த்தா மேடம்?"

"இல்ல இல்ல. இப்ப இருக்கறவங்க மட்டும்."

"இப்ப இருக்கறவங்கன்னா, கடைசியா எப்ப வாங்கினவங்க?"

"ம்... ஒரு வருஷம் வெச்சுக்கலாமா?"

"லிஸ்ட் எதுக்குன்னு தெரிஞ்சா சரியா எடுத்துத் தந்துடுவேன்."

"விலை மாறுது இல்லையா, எல்லாருக்கும் கடிதம் போடணும்."

இந்தக் கடைசி வரி வந்ததும் ரிப்போர்ட்டே வேறாகிவிட்டது. ஒப்பந்த விலையில் வாங்குபவர்களுக்கு இந்த மாற்றமே பொருந்தாது, அவர்களுக்குக் கடிதம் போனால் தொலைபேசி மணி ஓயாது. பல கிளைகள் உள்ள வாடிக்கையாளருக்குத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் போதும், பன்னிரண்டு கிளைக்கும் போக வேண்டாம். ஒரு வருடமாக வாங்காதவர்கூட விலைப்புள்ளி கேட்டு அது நிலுவையில் இருந்தால் அவருக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே "ஒரு வருடம்" என்ற வடிகட்டியே தவறு. இவ்வளவும் நாலு நிமிடப் பேச்சில் வெளியே வந்தது. ஐ.டி. துறையிடம் வேலை கேட்டு நிரப்பும் டிக்கெட் படிவத்தில் இந்தப் பேச்சுக்கு இடம் கிடையாது. அதில் "தேவை: அனைத்து வாடிக்கையாளர் பட்டியல்" என்று இருக்கும், அப்படியே எழுதி, அப்படியே கொடுத்து, டிக்கெட்டை மூடிவிடுவார்கள். யார் மேலும் தப்பில்லை, ஆனால் கடிதங்கள் தப்பாகப் போகும்.

இருந்தாலும் ஐ.டி. துறைக்காகவும் பேச வேண்டும். அவர்கள் கையை விட்டு ரிப்போர்ட் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. பில் போட்டுக்கொண்டிருக்கும் லைவ் டேட்டாபேஸிலேயே யாராவது மூன்று வருட விற்பனையை ஒரே க்வெரியில் இழுத்தால், கவுண்டரில் நிற்பவர் பில் வராமல் காத்திருக்க நேரும். சம்பள விவரம் யார் கண்ணில் படலாம், நோயாளியின் முகவரி யார் கண்ணில் படலாம் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். டேட்டாபேஸின் உள்வீடும் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நெடுவரிசையின் பெயர் "ஸ்டேட்டஸ்" என்று இருக்கும். அதில் 3 என்றால் ரத்தானது என்றும், மென்பொருளின் பழைய பதிப்பில் ரத்தானது 9 என்றும், பழைய வரிகளை யாரும் மாற்றவில்லை என்றும் அவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். தேதிக் கதை இன்னொன்று. 1ஆம் தேதியிலிருந்து 31ஆம் தேதி வரை என்று க்வெரியில் எழுதினால், தேதி நெடுவரிசையில் நேரமும் சேர்ந்து இருக்கும்போது, 31 என்பது 31ஆம் தேதி நள்ளிரவு பிறக்கிற கணத்தோடு நின்றுவிடும். மாதத்தின் கடைசி நாள் முழுவதும் காணாமல் போகும். பல நிறுவனங்களில் விற்பனை அதிகம் பதிவாவதே அந்தக் கடைசி நாளில்தான்.

எல்லாவற்றையும் துறைகளிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த கதைகள் உண்டு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வராமல் விட்டுப்போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. 2007இலேயே எக்ஸெல் பத்து லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது, ஆனால் பழைய கோப்பு வடிவம் பழைய எல்லையிலேயே நின்றது. அந்த எல்லையைத் தாண்டி வந்த வரிகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அந்த மனிதர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

வங்கிப் பக்கம் 2012இல் ஜேபி மார்கன் சேஸ் ஒரே பிரிவின் வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. இழப்புக்கு எக்ஸெல்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் வங்கியே அடுத்த வருடம் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது. அபாயத்தை அளக்கும் மாதிரி பல எக்ஸெல் தாள்களாக, கையால் வெட்டி ஒட்டித்தான் ஓடியது. ஓரிடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள், அபாயம் இருந்ததைவிடக் குறைவாகத் தெரிந்தது. தாளைச் செய்தவர்களுக்குக் கணிதம் தெரியாமல் இல்லை. அந்தத் தாளை இன்னொருவர் திறந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் போதுமான அளவு இல்லை.

உலக அளவில் வங்கி மேற்பார்வைக்கு நெறிகள் வகுக்கும் பேசல் குழு 2013 ஜனவரியில் அபாயத் தரவுகளைத் திரட்டுவதற்கும் அறிக்கையிடுவதற்கும் தனியாக 14 கொள்கைகளை வெளியிட்டது. 2008 நெருக்கடியின்போது, "இன்ன நிறுவனத்தில் நமக்கு மொத்தம் எவ்வளவு மாட்டியிருக்கிறது" என்ற கேள்விக்குப் பல பெரிய வங்கிகளால் உடனே விடை சொல்ல முடியவில்லை என்பதுதான் அதற்குத் தூண்டுதல். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக வைத்திருந்த ரிப்போர்ட்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. இவ்வளவு பெரிய இடங்களுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. மாதக் கூட்டத்தில் விற்பனைத் துறை ஒரு வாடிக்கையாளர் எண்ணிக்கையும் சேவைத் துறை வேறொன்றும் கணக்குத் துறை மூன்றாவதாக ஒன்றும் சொல்வது எங்கும் நடப்பதுதான். ஒருவர் பில் போட்டவரை எண்ணினார், ஒருவர் ஒப்பந்தம் உள்ளவரை எண்ணினார், ஒருவர் பணம் கட்டியவரை எண்ணினார். மூன்றும் சரி. கூட்டத்தின் முதல் அரைமணி எந்த எண் உண்மை என்ற வாதத்தில் போய்விடும்.

விற்றவரிடமே எழுதச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டேபிள்கள் அவர்கள் வடிவமைத்தவை, ஸ்டேட்டஸ் 9 கதை அவர்களுக்கு மனப்பாடம், முதல் ஐந்தாறு ரிப்போர்ட்டுகளை அவர்களே செய்து தருவது நல்லது. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும் என்றால்கூட விலைப்புள்ளி, ஒப்புதல், தேதி என்று சுற்றும்போது துறைகள் பொறுமை இழந்து பழையபடி எக்ஸெல்லுக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விடாதீர்கள்: எழுதிய க்வெரியும் ரிப்போர்ட்டின் மூலக் கோப்பும் திறந்து திருத்தக்கூடிய நிலையில் நம்மிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அது இல்லாமல் பி.டி.எஃப். மட்டும் வந்துகொண்டிருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? என் விடை ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் மாறும். அரசுக்கோ தணிக்கையாளருக்கோ கடன் கொடுத்தவருக்கோ, அதாவது நிறுவனத்தை விட்டு வெளியே போகிற எந்த எண்ணும் எல்லாத் துறைக்கும் பொதுவான மையத்தில்தான் எழுதப்பட வேண்டும். எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர், க்வெரியின் பழைய பதிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும், மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், தாமதமானாலும் பரவாயில்லை. மறுகோடியில், ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுத் தூக்கிப்போடப் போகிற கேள்விகள். "போன வாரம் திரும்பி வந்த சரக்கில் எத்தனை அந்த ஒரே கிடங்கிலிருந்து?" இதற்கு டிக்கெட் எழுதச் சொல்வது அநியாயம். லைவ் டேட்டாபேஸின் நகல் ஒன்றை இரவோடிரவாகப் புதுப்பித்து வைத்து, அதில் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, கேட்பவரையே தேடிக்கொள்ள விடலாம். தவறாக எடுத்தாலும் பாதிப்பு அவர் மேஜையோடு நிற்கும்.

நடுவில் இருப்பவைதான் மிகுதி, சண்டையும் அங்கேதான். வாராவாரம், மாதாமாதம் வருபவை, துறைத் தலைவர் அதைப் பார்த்து ஆள் போடுவார், ஆள் குறைப்பார், விலை மாற்றுவார். இவற்றை எழுதும் ஆள் துறைக்குள் உட்கார வேண்டும் என்கிறேன். அவர் பார்க்கிற டேபிள்கள் மட்டும் பச்சையாக இருக்கக் கூடாது. ஐ.டி. துறை மேலே ஓர் அடுக்கு வ்யூக்களை, அதாவது டேபிள் போலவே பார்க்கக் கிடைக்கிற தயார் க்வெரிகளை, கட்டித் தர வேண்டும். ஸ்டேட்டஸ் 3, 9 குழப்பம், தேதி நள்ளிரவுக் குழப்பம், பில்லும் தவணையும் பெருகுகிற குழப்பம் எல்லாம் அங்கேயே ஒரு முறை தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். "நடப்பு வாடிக்கையாளர்" என்றால் யார் என்பதைத் துறைத் தலைவர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்து, அந்த முடிவு ஒரு வ்யூவாக எழுதப்பட வேண்டும். மூன்று விதமான எண்ணிக்கையும் தேவை என்றால் மூன்று வ்யூ, மூன்று பெயர். அந்தக் கூட்டம் சலிப்பாக இருக்கும், எல்லாருக்கும் வேறு வேலை இருக்கும். மென்பொருளுக்குக் கொடுத்த பணத்தைவிட அந்த ஒரு கூட்டத்துக்குக் கொடுக்கும் நேரம் அதிகப் பலன் தரும் என்று நான் நம்புகிறேன்.

துறைக்குள் உட்காரும் அந்த ஆளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் அவர் ஏற்கெனவே இருக்கிறார். முதலில் சொன்னேனே, எக்ஸெல் நன்றாகத் தெரிந்தவர். அவருடைய பணி விவரத்தில் ரிப்போர்ட் என்ற சொல்லே இருக்காது. கணக்காளர் என்றோ ஒருங்கிணைப்பாளர் என்றோ இருக்கும். மாதக் கடைசியில் அவரால் விடுப்பு எடுக்க முடியாது. அவருடைய கோப்பு ஒன்று இருக்கும், பெயரின் முடிவில் "ஃபைனல்", அதற்கப்புறம் "புதுசு", அதற்கப்புறம் ஒரு தேதி. அதைத் திறந்தால் எட்டுத் தாள்கள், அவற்றில் இரண்டு மறைக்கப்பட்டவை. மறைந்த தாளில் கிளைகளின் பட்டியல் கையால் அடிக்கப்பட்டிருக்கும், புதுக் கிளை திறந்தால் அவர்தான் ஞாபகமாக ஒரு வரி சேர்க்க வேண்டும். வருடாந்திர மதிப்பீட்டில் இந்த உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது, எண் தப்பானால் மட்டும் அவர் பெயர் வரும்.

இவரை ஐ.டி. துறைகள் பொதுவாக ஒரு தலைவலியாகப் பார்க்கின்றன. "கட்டுப்பாடற்ற எக்ஸெல்" என்பார்கள். எனக்கு அது எரிச்சலூட்டும் பேச்சு. நிறுவனத்தின் தரவுக்கு என்ன பொருள் என்று தெரிந்த ஒரே ஆளை வைத்துக்கொண்டு, அவர் கையில் சரியான கருவி இல்லையே என்பதற்காக அவரையே குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்? அவருக்கு அந்த வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். நேரத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்குங்கள், அந்தப் பங்குக்கான பழைய வேலையை இன்னொருவரிடம் மாற்றுங்கள். எஸ்.க்யூ.எல். கற்றுக்கொடுங்கள். மாதக் கணக்கு முடிக்கத் தெரிந்தவருக்கு, கட்டாத பில்லையும் விடாமல் காட்டுகிற லெஃப்ட் ஜாயின் ஒன்றும் மலை இல்லை. எதிர்த்திசையில் போவது நிஜமாகவே கடினம். நல்ல நிரலருக்குக்கூட ஒரு துறையின் உள்சூட்சுமம் பிடிபட வருடங்கள் ஆகும், பிடிபடும் நேரத்தில் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அவருக்கு இரண்டு இடத்தில் பிடிமானம் வேண்டும். அன்றாடம் என்ன செய்வது என்று துறைத் தலைவர் சொல்லட்டும். எப்படிச் செய்வது, எந்த வ்யூவைப் பயன்படுத்துவது, எங்கே சேமிப்பது என்பதை மையத்தில் ஒருவர் சொல்லட்டும். மற்றத் துறைகளில் இதே வேலை செய்பவர்களோடு அவர் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒருவர் க்வெரியை மற்றவர் படிக்கட்டும். சரக்குப் பிரிவில் இருப்பவர் எழுதியதைக் கணக்குப் பிரிவில் இருப்பவர் படித்தாலே பாதித் தவறுகள் வெளியே வந்துவிடும், ஏனென்றால் அவருக்கு வேறொரு எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும் என்று தெரியும். இரண்டு எஜமானர்கள் இருந்தால் சிக்கல் என்பார்கள். சிக்கல்தான். ஒரே எஜமானர் இருந்தபோது வந்த சிக்கல்களைவிடக் குறைவு.

சின்ன நிறுவனத்தில் மையமே கிடையாது, ஐ.டி. துறை என்பதே ஒருவர்தான், அவரும் பிரிண்டர் சரிசெய்யப் போயிருப்பார். அங்கே இந்த ஏற்பாடு முழுதாக நடக்காது. ஒன்று மட்டும் நடக்கும்: ரிப்போர்ட்டை எழுதுகிறவரும் அதைப் படித்து முடிவெடுக்கிறவரும் மாதம் ஒரு முறையாவது ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு வரியைப் பிடித்து அதன் மூல பில் வரை போய்ப் பார்ப்பது. அதற்கு ஆள் பலம் தேவையில்லை.

இப்போது புதிதாக ஒரு வாதம் கேட்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, பேச்சு மொழியில் கேட்டால் க்வெரியை அதுவே எழுதித் தருகிறதே, அப்புறம் யார் எழுதுவது என்ற கேள்வியே எதற்கு? எழுதித் தருவது உண்மை, நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே எழுதுகிறது. ஆனால் அந்த விற்பனைப் பிரிவு மேடம் "எல்லா கஸ்டமர் லிஸ்ட்டும் வேணும்" என்று கேட்டிருந்தால், எதற்கு என்று திருப்பிக் கேட்காமல் பட்டியலைக் கொடுத்துவிடவும் அதற்கு முடியும். ஸ்டேட்டஸ் 9 கதையை யாரும் எங்கும் எழுதி வைக்காவிட்டால் அதற்கும் தெரியாது. எழுதும் நேரம் குறையக் குறைய, வந்த எண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஆளின் மதிப்பு ஏறுகிறது. வ்யூக்களையும் வரையறைகளையும் ஒழுங்காகக் கட்டி வைத்த இடங்களுக்கு இந்தக் கருவி நன்றாக உதவும். மற்ற இடங்களில் மூன்று எண்ணுக்குப் பதில் முப்பது எண் கிடைக்கும், முன்பைவிட வேகமாக.

எழுதுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், நிறுத்துவதை யார் செய்வது என்பதையும் இதே முடிவில் சேர்க்க வேண்டும். எழுதிய ரிப்போர்ட்டுகள் சாவதில்லை. கேட்டவர் போய்விடுவார், அவருடைய இடத்துக்கு வந்தவர் மின்னஞ்சலில் தினமும் வருவதைத் திறக்காமல் ஒதுக்கிவிடுவார், சர்வர் மட்டும் தினமும் காலையில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். மென்பொருளை மாற்றும் நாளில் இத்தனையும் புது டேபிள்களுக்கு ஏற்றபடி திருப்பி எழுத வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், அதில் யாருக்கு எது தேவை என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. பெரும்பாலான ரிப்போர்ட் சர்வர்கள் யார் எதை எப்போது ஓட்டினார் என்று பதிவு வைக்கின்றன, அதைப் பார்த்தே பாதியைக் கழிக்கலாம். ஓர் எச்சரிக்கை: மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் அந்தப் பதிவு இயல்பாக 60 நாள்தான் நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை தணிக்கைக்கு ஓடுகிற ரிப்போர்ட் அந்தக் கணக்கில் யாரும் தொடாததாகத்தான் தெரியும். முதலில் அந்த எல்லையைக் கூட்டிவிட்டு, ஒரு முழு நிதியாண்டு முடிந்த பிறகு பட்டியலை எடுங்கள்.

அதுவரை ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலைப்பிலும் ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்டவர் யார், எழுதியவர் யார், என்ன முடிவுக்காக, கடைசியாகச் சரிபார்த்தது எப்போது. கேட்டவர் வேலையை விட்டுப் போகும்போது அந்தப் பெயருக்குப் பதில் இன்னொரு பெயர் வர வேண்டும். யாரும் தன் பெயரைப் போடச் சம்மதிக்காத ரிப்போர்ட்டை அன்றைக்கே நிறுத்திவிடலாம், ஒரு மாதத்துக்குள் யாராவது கூப்பிட்டுக் கேட்டால் அவர் பெயரைப் போட்டுத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.